சுங்கத் தீர்வையும் ஒரு தொழிற்பிரதேசமும்

ஆராயும் வினா

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஸ்ரீபெரும்புதூர், பல நூற்றாண்டுகளாக ஸ்ரீராமாநுஜர் அவதரித்த திவ்ய க்ஷேத்திரம் என்ற அளவிலேயே தமிழ் மக்கள் மனத்தில் நிலைபெற்றிருந்த ஊர். அவ்வூரையும் இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் முதலிய சுற்றுக் கிராமங்களையும் உள்ளடக்கி, சிங்கப்பெருமாள்கோவில் சாலை வழியே தெற்கு நோக்கித் தொடர்ந்து செல்லும் தொழிற்பிரதேசம், 1996ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட ஒரு தலைமுறைக் காலத்துக்குள் உருவானது. காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைப்பேசியும் இங்கே உற்பத்தியாகி உலகின் பல தேசங்களுக்குச் செல்கின்றன. இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய மாறுதல் நேர்ந்ததற்குத் துறைமுகத்தின் அண்மை, பயிற்சி பெற்ற இளைஞர்கள், மாநில சர்க்கார் அளித்த நிலமும் சலுகையும் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவை யாவும் உண்மையே. எனினும் அவற்றோடு சேர்ந்து இயங்கிய மற்றொரு காரணமாகிய சுங்கத் தீர்வையைப் பற்றித் தமிழில் போதிய விசாரணை நடக்கவில்லை. அதை மாத்திரம் எடுத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருள் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் வழங்கி வருகின்றன. 1991க்கு முன் தேசத்தைச் சூழ்ந்திருந்த தீர்வைச் சுவர் இடிந்ததனாலேயே அந்நிய மூலதனம் உள்ளே வந்தது, ஆகவே ஸ்ரீபெரும்புதூர் தாராள வர்த்தகத்தின் குழந்தை என்பது ஒன்று. அந்நியச் சரக்கின்மீது கனத்த தீர்வை நின்றதனாலேயே அந்நிய நிறுவனங்கள் சரக்கை அனுப்புவதைவிட ஆலையை அமைப்பதே லாபம் என்று கண்டன, ஆகவே ஸ்ரீபெரும்புதூர் பாதுகாப்பின் குழந்தை என்பது மற்றொன்று. இவ்விரு கட்சியாரும் சுவரின் உயரத்தையே அளந்து வாதிக்கின்றனர். கிடைக்கும் ஆதாரங்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது வேறொரு முடிவே தோன்றுகிறது. தீர்வையின் பலம் இரண்டு விகிதங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. அந்த வித்தியாசம் உதிரிபாகத் தொழிலாக உருவெடுக்க நீண்ட காலமும் வெளிப்படையான நிபந்தனையும் தேவைப்படுகின்றன. கார்த் தொழிலுக்கு இவ்விரண்டும் வாய்த்தன. கைப்பேசித் தொழிலுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

வருவாய்க்காக வாங்கிய தீர்வை

தமிழ்நாட்டில் சுங்கம் மிகப் பழமையானது. கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தில், ஏற்றுமதியாகும் பொருளும் இறக்குமதியாகும் பொருளும் குவிந்து கிடக்க, சுங்கக் காவலர் அவற்றின்மீது புலி முத்திரையைப் பொறித்து வெளியே விட்ட காட்சியைப் பட்டினப்பாலை வருணிக்கிறது. அதே யுகத்தின் மேற்கு முனையில், முசிறியிலிருந்து சென்ற சரக்குக்கு ரோமானிய அரசு மதிப்பில் நான்கில் ஒரு பங்கைத் தீர்வையாகப் பெற்றதை வியன்னாவில் பாதுகாக்கப்பட்டுள்ள கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஓலையால் அறிகிறோம். முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று கொண்டாடப்பட்டான். 13ஆம் நூற்றாண்டில் காகதீய கணபதி தேவன் மோட்டுப்பள்ளித் துறையில் பொறித்த அபய சாசனம், உடைந்த கப்பலின் சரக்கைப் பறிமுதல் செய்வதில்லை என்று வாக்களித்து, முப்பதில் ஒரு பங்கைத் தீர்வையாக நிர்ணயித்தது. இவையனைத்திலும் அரசன் கவலைப்பட்டது வருவாயைப் பற்றி. மிஞ்சினால், வணிகன் வேறு துறைமுகத்துக்குப் போய்விடாமல் இருப்பதைப் பற்றி. உள்நாட்டில் இன்ன தொழில் வளரவேண்டும் என்ற எண்ணம் அந்தத் தீர்வைகளில் இல்லை.

1639இல் தாமல் வேங்கடாத்திரி நாயக்கரிடம் சென்னைப்பட்டினத்தில் இடம் பெற்ற ஆங்கிலக் கும்பெனி, தன் சரக்குக்குச் சுங்கமில்லை என்ற உரிமையையும் சேர்த்தே பெற்றது. பின்னர் அக்கும்பெனியே ஆட்சியாளனாகி, கடற்சுங்கத்தோடு உள்நாட்டு வழிச்சுங்கத்தையும் வசூலித்தது. நெசவுக்குப் பேர்போன காஞ்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பாதை ஸ்ரீபெரும்புதூர் வழியே சென்றது. உள்நாட்டுப் பொருள் ஊர்விட்டு ஊர் செல்வதற்கே வரி கட்டவேண்டிய அந்த நிலை, சென்னை மாகாணத்தில் 1844ஆம் வருஷத்து 6ஆவது சட்டத்தால்தான் ஒழிந்தது. தேசத்தின் எல்லை துறைமுகத்தில் நிற்கும், உள்ளே சரக்கு தடையின்றி நடமாடும் என்ற ஏற்பாடு அன்று முதல் நமக்கு இயல்பாயிற்று. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் அவ்வெல்லை மீண்டும் உள்நாட்டுக்குள் வந்ததைப் பின்னே காண்போம்.

இரண்டு விகிதங்களுக்கு இடையே

இறக்குமதித் தீர்வைகள் 1882இல் பெரும்பாலும் நீக்கப்பட்டிருந்தன. 1894இல் சர்க்காருக்குப் பணமுடை ஏற்பட்டு 5 சதவீதப் பொதுத் தீர்வை திரும்ப வந்தபோது, லங்காஷயர் ஆலை முதலாளிகளின் எதிர்ப்பினால் பருத்தித் துணி முதலில் விலக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் துணிக்கும் தீர்வை விதித்தபோது, இந்திய ஆலை நூலின்மீது ஈடான கலால் வரியும் உடன் விதிக்கப்பட்டது. 1896இல் இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீதம், இந்திய ஆலைத் துணிக்கும் அதே மூன்றரை சதவீதம் என்று ஒழுங்கு செய்யப்பட்டது. வித்தியாசம் பூஜ்யம்; ஆகவே பாதுகாப்பும் பூஜ்யம். முதல் உலக யுத்தத்தின்போது 1917இல் இறக்குமதித் தீர்வை ஏழரையாக உயர, கலால் மூன்றரையிலேயே நின்றது. அந்த நான்கு சதவீத இடைவெளிதான் இந்திய நெசவாலைகளுக்குக் கிடைத்த முதல் பாதுகாப்பு. கலால் வரி 1925 டிசம்பரில் நிறுத்தப்பட்டு மறு ஆண்டு ஒழிந்தது. துணியைப் பற்றிய இந்தப் பழைய தகராறை நான் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 120 ஆண்டுகளுக்குப்பின் கைப்பேசியின் விஷயத்தில் இதே கணக்கு தலைகீழாகப் போடப்பட்டது.

இறக்குமதியைப் போலவே ஏற்றுமதியின்மீதும் தீர்வை விதித்துத் தொழிலை வளர்க்க முயன்றதுண்டு. பதனிடாத தோலின்மீது 1919இல் 15 சதவீத ஏற்றுமதித் தீர்வை வந்தது. சாம்ராஜ்யத்துக்குள் செல்லும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு திருப்பித் தரப்பட்டதால், நோக்கம் சென்னை மாகாணத்துத் தோல் பதனிடுவோரின் நன்மை மாத்திரமே என்று கூற இயலாது. 1923இல் சலுகை நீங்கி விகிதமும் ஐந்தாகக் குறைந்தது.

1921-22இல் சர் இப்ராஹிம் ரஹிம்துல்லா தலைமையில் கூடிய நிதிக் கமிஷன், தெரிந்தெடுத்த தொழில்களுக்கு மட்டும் பாதுகாப்பு என்ற கொள்கையை வகுத்து, மூன்று நிபந்தனைகளை விதித்தது. தொழிலுக்கு இயற்கை அனுகூலம் இருக்கவேண்டும். பாதுகாப்பின்றி அது வளர இயலாததாக இருக்கவேண்டும். இறுதியில் பாதுகாப்பின்றியே உலகப் போட்டியைச் சமாளிக்கும் சக்தி பெறுவதாக இருக்கவேண்டும். இந்நிபந்தனைகள் கடுமையானவை என்று தலைவரும், சென்னையைச் சேர்ந்த டி.வி. சேஷகிரி ஐயரும், ஜி.டி. பிர்லா முதலியோரும் மாறுபட்ட குறிப்பு எழுதி, முழுப் பாதுகாப்பையே கோரினர். அடிமைத் தேசத்தின் நிலையில் அவர்கள் கோரிக்கை நியாயமானது. ஆயினும் மூன்றாவது நிபந்தனை, எக்காலத்துக்கும் எந்தத் தீர்வைக்கும் பொருந்தும் உரைகல் என்பது என் துணிபு.

பாடியும் திருவொற்றியூரும் சேர்த்த முதல்

சுதந்திரத்துக்குப்பின் 1953இல் தீர்வைக் கமிஷன், உள்நாட்டில் உறுப்புகளைச் செய்யும் திட்டம் உடைய நிறுவனங்களே மோட்டார்த் தொழிலில் நீடிக்கலாம் என்று பரிந்துரைத்தது. வெளிநாட்டுப் பெட்டிகளைப் பிரித்து இங்கே கோத்து விற்றுவந்த ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் தேசத்தை விட்டு நீங்கின. அதன் விளைவை வடசென்னையில் கண்ணாரக் காணலாம். 1948இல் தோன்றி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைக் கோத்துவந்த அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டாகி லாரி செய்வதில் முனைந்தது. அதே 1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைக் கோத்தே புல்லட் வண்டியை வெளியிட்டது. 1962 வாக்கில் எல்லா உறுப்புகளும் இங்கேயே ஆயின. செம்பியத்தில் 1949இல் இந்தியா பிஸ்டன்ஸும், பாடியில் 1960ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியனவும் எழுந்தன. அம்பத்தூரிலும் கிண்டியிலும் தொழிற்பேட்டைகள் அமைந்து, லேத்துப் பட்டறை வைத்த நூற்றுக்கணக்கான சிறு முதலாளிகள் பெரிய ஆலைகளுக்குச் சரக்குச் செய்து கொடுக்கப் பழகினர்.

இந்த நாற்பது ஆண்டுகளைப் பழைய கொள்கையின் வீண் காலம் என்று தள்ளிவிடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. வாங்குவோர் அதிக விலை கொடுத்தனர். காருக்கும் ஸ்கூட்டருக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். பழைய மாதிரிகளே ஓடின. அந்நஷ்டம் மெய்யானது. ஆனால் அந்நஷ்டத்துக்கு ஈடாகச் சென்னைக்கு வார்ப்பும் கடைசலும் அச்சுத் தொழிலும் அறிந்த ஒரு தொழிலாளர் வர்க்கம் கிடைத்தது. 1996இல் கொரியரும் அமெரிக்கரும் சென்னையைத் தேர்ந்தெடுத்தபோது அவர்கள் கணக்கில் சேர்த்த அனுகூலங்களில் இதுவும் ஒன்று. என்ஃபீல்டு வண்டி 2013 முதல் ஒரகடத்தில் புதிய ஆலையில் செய்யப்படுவது, திருவொற்றியூரில் அரைநூற்றாண்டுக்கு முன் பெற்ற கல்வியின் நேர்த் தொடர்ச்சியாகும்.

கார்: நிபந்தனையோடு கூடிய சுவர்

1990-91இல் இந்தியாவின் உச்சத் தீர்வை சில சரக்குகளுக்கு 300 சதவீதத்தையும் கடந்திருந்தது. சென்னைப் பொருளியல் கல்லூரியை நிறுவிய ராஜா செல்லையாவின் தலைமையில் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1991-92இல் 150 ஆகியிருந்த அது மேலும் படிப்படியாக இறங்கியது: 1993-94இல் 85, 1995-96இல் 50, 2007-08இல் விவசாயப் பொருள் அல்லாதவற்றுக்கு 10. இவ்விறக்கத்தில் முழுதாகக் கோத்த கார் சேரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். 2001 ஏப்ரல் முதல் தேதி வரை அதன் இறக்குமதியே லைசென்சுக்கு உட்பட்டிருந்தது. அதன்பின் புதிய காருக்கு 60 சதவீதமும் பழைய காருக்கு 105 சதவீதமும் தீர்வை நின்றது. 2013இல் 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு 100 சதவீதமாயிற்று. பொதுவிகிதம் தாழ, காரின் விகிதம் உயர்ந்தே நிற்க, உதிரிபாகத்தோடு ஒப்பிட்ட இடைவெளி ஆண்டுக்காண்டு விரிந்தது. ஆகவே சுவர் இடிந்தது என்போரும் சுவர் நின்றது என்போரும் ஒரே காலத்தில் பாதி உண்மையைச் சொல்கின்றனர். இயந்திரத்துக்கும் எஃகுக்கும் உறுப்புக்கும் சுவர் இடிந்தது, காருக்கு நின்றது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996இல் காலூன்றி 1998இல் சான்ட்ரோவை வெளியிட்ட காலத்தில், இந்த இடைவெளியோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்திருந்தது. 1997 டிசம்பர் பொது அறிவிக்கையின்படி, உறுப்புப் பெட்டிகளை இறக்குமதி செய்ய விரும்பும் கார் நிறுவனம் சர்க்காரோடு ஒப்பந்தம் செய்து, மூன்றாம் ஆண்டுக்குள் 50 சதவீதமும் ஐந்தாம் ஆண்டுக்குள் 70 சதவீதமும் உள்நாட்டு உறுப்புகளைப் பயன்படுத்தவும், இறக்குமதிக்கு ஈடாக ஏற்றுமதி செய்யவும் கடமைப்பட்டது. அமெரிக்காவும் ஐரோப்பிய சமூகமும் தொடுத்த வழக்கில், உலக வர்த்தக ஸ்தாபனத்தின் குழு 2001 டிசம்பரில் இவ்விதிகள் சட்டவிரோதம் என்று முடிவு கூறியது. அதற்குள் ஹூண்டாயோடு வந்த கொரிய உறுப்பு நிறுவனங்கள் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வேரூன்றிவிட்டன. விதி நீங்கியது, ஆலைகள் நின்றன. தடை செய்யப்பட்ட ஒரு நிபந்தனை சில ஆண்டு உயிரோடு இருந்ததே இப்பிரதேசத்துக்குப் பெருநன்மை செய்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தீர்வை அட்டவணையின் ஒரு சொற்றொடர் ஓர் ஆலையையே நகர்த்தக்கூடும் என்பதற்கும் இங்கே சான்று உண்டு. முழுதும் பிரித்த பெட்டியாக வரும் காருக்கு 2011 வாக்கில் 10 சதவீதமே தீர்வை இருந்தது. எஞ்சினும் கியர்பெட்டியும் முன்பே கோத்த நிலையில் வந்தால் அது பிரித்த பெட்டி ஆகாது என்று 2011இல் வரையறை திருத்தப்பட்டு, பின்னர் அத்தகையதற்கு 30 சதவீதம் என்று அமைந்தது. ஒரகடத்துக்குத் தெற்கே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் கார் கோத்துவரும் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்காக, எஞ்சினையும் கியர்பெட்டியையும் கோத்துத் தரும் ஆலையை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் சென்னையருகே 2015இல் தொடங்கியது. கோப்பது நகர்ந்தது மெய். வார்ப்பதும் கடைவதும் ஐரோப்பாவிலேயே தங்கின. இருபது சதவீத இடைவெளி அவ்வளவுதான் செய்யும்.

இதற்கு நேர்மாறான சான்றும் ஒரகடத்திலேயே இருக்கிறது. டெய்ம்லர் நிறுவனம் 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யத் தொடங்கியபோது, முழு லாரியின்மீது நடைமுறையில் இருந்த தீர்வை 10 சதவீதமே. அப்படியிருந்தும் உள்நாட்டு உறுப்புகள் தொடக்கத்திலேயே 85 சதவீதத்துக்கு மேல் என்று நிறுவனம் அறிவித்தது. சுவர் தாழ்ந்திருக்க, உள்நாட்டு உறுப்பு மிகுந்தது எங்ஙனம்? லாரி வாங்குவோர் ரூபாய்க்கு ரூபாய் கணக்குப் பார்ப்போர். அவர்களிடம் விற்கக்கூடிய விலைக்கு உறுப்புச் செய்து தரும் பட்டறைகள் சென்னையில் ஏற்கெனவே இருந்தன. மறுபுறம், 60 சதவீதச் சுவருக்கு உள்ளே மறைமலைநகரில் காரும் எஞ்சினும் செய்துவந்த ஃபோர்டு, 2022இல் உற்பத்தியை நிறுத்தி வெளியேறியது. உயரத்தை மட்டும் வைத்து விதி வகுக்க முற்படுவோர் இவ்விரண்டையும் விளக்கவேண்டும்.

கைப்பேசி: பூஜ்யத் தீர்வையில் பிறந்த ஆலை

தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் 1997இல் சேர்ந்த இந்தியா, அதன் அட்டவணைப் பொருள்களின்மீது தீர்வையைப் படிப்படியாகக் குறைத்து 2005க்குள் பூஜ்யமாக்கக் கடமைப்பட்டது. கைப்பேசியும் அவ்வாறே பூஜ்யமாயிற்று. அதே 2005இல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் நிறைவேறியது. அதன் 53ஆவது பிரிவின்படி, மண்டலமானது அனுமதிக்கப்பட்ட தொழில்களைப் பொறுத்தவரை இந்தியாவின் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள பிரதேசமாகக் கருதப்படும். சுங்க அதிகாரி அமர்ந்த வாசல், துறைமுகத்தைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் உள்ளே வந்தது. மண்டலத்துக்குள் வரும் உறுப்புக்குத் தீர்வை இல்லை. மண்டலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவுக்கு வரும் சரக்கோ வெளிநாட்டுச் சரக்குபோலக் கருதப்பட்டுத் தீர்வைக்கு உரியது.

2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் அமைந்த இத்தகைய மண்டலத்தில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. சால்காம்ப், பெர்லாஸ், ஃபாக்ஸ்கான் முதலிய உறுப்பு நிறுவனங்கள் அதே வேலிக்குள் அமர்ந்தன. நேரடியாக ஏறக்குறைய 8,000 பேர், பெரும்பாலோர் சுற்று மாவட்டத்து இளம்பெண்கள், உச்ச காலத்தில் அங்கே வேலை செய்தனர். ஏற்றுமதிக்கென்றே ஏற்பட்ட மண்டலத்தில் இருந்துகொண்டே உள்நாட்டுச் சந்தையிலும் தாராளமாக விற்க இயன்றதற்குக் காரணம், கைப்பேசியின் இறக்குமதித் தீர்வை பூஜ்யமாக இருந்ததே. வாசலைத் தாண்டும்போது கட்டவேண்டிய சுங்கத் தீர்வை ஒன்றுமில்லை. அதாவது எல்லைக்கு அப்பாலும் பூஜ்யம், இப்பாலும் பூஜ்யம், முழுப் பொருளுக்கும் உறுப்புக்கும் பூஜ்யம். எங்கும் வித்தியாசம் இல்லாத அந்த ஏற்பாட்டில், சிப்பையும் திரையையும் இங்கே செய்யவேண்டும் என்ற நிர்ப்பந்தம் எவருக்கும் இல்லை. மின்னேற்றியும் உறையும் செய்யப்பட்டன; மதிப்பு மிகுந்த உறுப்புகள் விமானத்தில் வந்தன.

2013இல் மென்பொருள் உரிமத் தொகை குறித்து வருமான வரித் துறையோடு தகராறு எழ, ஆலை முடக்கப்பட்டு, 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குக் கைமாற இயலாமல், அவ்வாண்டு நவம்பர் முதல் தேதி மூடப்பட்டது. அடுத்த மாதமே ஃபாக்ஸ்கானும் வேலையை நிறுத்தியது. வரித் தகராறே காரணம் என்று ஒரு சாராரும், உலகச் சந்தையில் நோக்கியா வீழ்ந்ததே காரணம் என்று மற்றொரு சாராரும் கூறுவர். இரண்டும் சேர்ந்தே அழித்தன. நம் வினாவுக்கு முக்கியமானது மூடியபின் எஞ்சியது எது என்பது. திருவொற்றியூரில் ஓர் ஆலை மூடினால், அதற்குப் பிஸ்டன் செய்த பட்டறை வேறொருவருக்குப் பிஸ்டன் செய்யும். நோக்கியா மூடியபோது அத்தகைய பட்டறைகள் சொற்பம்; ஆயிரக்கணக்கான பெண்கள் இழப்பீட்டுத் தொகையோடு வீடு திரும்பினர்.

மீண்டும் எழுந்த சுவர்

2015-16 வரவு செலவுத் திட்டத்தில், இறக்குமதியாகும் கைப்பேசிக்குக் கலாலுக்கு ஈடாக விதிக்கும் ஈட்டு வரி 12.5 சதவீதம், உள்நாட்டில் செய்ததற்குக் கலால் ஒரு சதவீதம் என்று அமைக்கப்பட்டது. சுங்கத் தீர்வை பூஜ்யமாகவே இருக்க, 11.5 சதவீத இடைவெளி உண்டாயிற்று. 1896இல் உள்நாட்டுத் துணியின் பாதுகாப்பை அழிக்கப் பயன்பட்ட கலால் வரியே, இப்போது உள்நாட்டுக் கைப்பேசிக்குப் பாதுகாப்பு அளிக்கப் பயன்பட்டது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்து இரு பக்கத்தையும் சமமாக்கியதும் அவ்விடைவெளி மறைய, அதே நாளில் 10 சதவீதச் சுங்கத் தீர்வை நேரடியாக விதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் 15, 2018 பிப்ரவரியில் 20. கட்டம் கட்டமான உற்பத்தித் திட்டம் என்ற பெயரில், மின்னேற்றி, கோத்த மின்சுற்றுப் பலகை, காட்சித் திரை என உறுப்புகளின்மீதும் தீர்வை ஏறியது. 2020இல் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை, கூடுதலான விற்பனையில் 4 முதல் 6 சதவீதம் வரை, அதனோடு சேர்ந்தது. 2024 ஜூலையில் கைப்பேசிக்கும் மின்சுற்றுப் பலகைக்கும் விகிதம் 15 ஆகக் குறைந்தது.

பலன் கண்கூடானது. 2019 முதல் சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2023-24இல் 956 கோடி டாலராகவும் 2024-25இல் 1,465 கோடி டாலராகவும் உயர்ந்தது. ஆனால் பொருளியலாளர் ரகுராம் ராஜன் 2023இல் எழுப்பிய ஆட்சேபம் இதனால் அடங்கிவிடவில்லை. முழுக் கைப்பேசியின் இறக்குமதி குறைந்து ஏற்றுமதி கூடியபோதே, அதற்கான உறுப்புகளின் இறக்குமதியும் கூடியது. நிகர லாபம் தோன்றுவதைவிடச் சிறிது என்பது அவர் வாதம். மத்திய சர்க்கார் அதை மறுத்தது. எல்லா உறுப்பு இறக்குமதியையும் கைப்பேசியின் கணக்கில் சேர்ப்பது மிகை என்ற மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் சிப்பும் திரையும் வெளியிலிருந்தே வருகின்றன என்ற மூல விஷயத்தை அம்மறுப்பு தொடவில்லை.

உறுப்பின்மீது அவசரமாக ஏற்றிய தீர்வை எதிர்விளைவையும் தரும். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் செய்துவந்த தொலைக்காட்சிப் பெட்டி இதற்கு உதாரணம். முழுப் பெட்டிக்கு 20 சதவீதத் தீர்வை இருந்தும், 2010 முதல் அமலில் உள்ள ஆசியான் ஒப்பந்தப்படி வியட்நாமிலிருந்து வரும் பெட்டிக்குத் தீர்வை இல்லை. 2018இல் திரைப் பலகத்தின்மீது தீர்வை விதிக்கப்பட்டதும், இங்கே கோப்பது நஷ்டமாகி, உற்பத்தி நிறுத்தப்பட்டு, பெட்டிகள் வியட்நாமிலிருந்து தருவிக்கப்பட்டன. 2019 செப்டம்பரில் அத்தீர்வை நீக்கப்பட்டது. சட்டப்புத்தகத்தில் எழுதிய விகிதம் ஒன்று, ஒப்பந்த வழியே நடைமுறையில் உள்ள விகிதம் மற்றொன்று. தொழிலின் தலைவிதியை நிர்ணயிப்பது இரண்டாவதே.

சர்வதேச வியாஜ்யமும் தீரவில்லை. ஐரோப்பிய யூனியன், ஜப்பான், தைவான் ஆகியன தொடுத்த வழக்குகளில், இந்தியா பூஜ்யம் என்று ஒப்புக்கொண்ட பொருள்களுக்குத் தீர்வை விதித்தது தவறு என்று 2023 ஏப்ரலில் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் குழுக்கள் முடிவு கூறின. 2019 டிசம்பர் முதல் இயங்காமல் இருக்கும் மேல் விசாரணை மன்றத்துக்கு இந்தியா முறையிட்டிருப்பதால், முடிவு அமலாகாமல் நிற்கிறது. மன்றம் செயலற்றிருப்பது நமக்குக் கிடைத்த அவகாசம் மட்டுமே. அதை உரிமையென்று கொள்வதற்கில்லை.

சுமையும் பங்கும்

இத்தீர்வையை யார் சுமக்கிறார்கள் என்பதைக் கூறாமல் விசாரணை பூர்த்தியாகாது. 20,000 ரூபாய் மதிப்புள்ள கைப்பேசி 2023இல் இறக்குமதியானால், தீர்வை 4,000 ரூபாய்; அதன்மேல் சமூகநல மேல்வரி 400. இத்தொகையை வாங்குபவரே கட்டுகிறார். உள்நாட்டில் செய்த பொருளின் விலையும் அம்மட்டத்தை ஒட்டி உயர்ந்து நிற்க இடமுண்டு. அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் சுங்கம் 83ஆவது இனம். 4,000 ரூபாயில் 41 சதவீதம் மாநிலங்களின் பங்கு. அதில் 15ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 4.079 சதவீதம். கணக்கிட்டால் ஏறக்குறைய 67 ரூபாய். மேல்வரியான 400 ரூபாய் பங்கிடப்படுவதே இல்லை. நிலமும் நீரும் சாலையும் தொழிலாளர் விடுதியும் தரும் மாநிலத்துக்கு, தீர்வையின் விகிதத்தில் ஒரு சொல் உரிமையும் கிடையாது.

வீதியில் இறங்கிய தொழிலாளரையும் இங்கே நினைக்கவேண்டும். விடுதி உணவினால் நோயுற்ற ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர் 2021 டிசம்பரில் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். சங்க உரிமைக்காகச் சாம்சங் தொழிலாளர் 2024இல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். பொதுமக்கள் அதிக விலை கொடுத்துக் காக்கும் தொழிலில், காப்பின் பயன் கூலியாகவும் கௌரவமாகவும் தொழிலாளரை அடையவேண்டும் என்று கேட்பது மிகையன்று.

இவ்வளவையும் நிறுத்துப் பார்த்தபின் நான் பாதுகாப்பைக் கைவிடச் சொல்லவில்லை. 1953இன் நிபந்தனை இல்லாவிடில் பாடி இல்லை. பாடி இல்லாவிடில் ஒரகடம் இந்த உருவில் இல்லை. கைப்பேசித் தொழிலுக்கும் அத்தகைய காலமும் நிபந்தனையும் தரப்படவேண்டும். எந்த உறுப்பு எந்த ஆண்டுக்குள் இங்கே செய்யப்படும், எந்த ஆண்டில் அதன் தீர்வை நீங்கும் என்பது முன்கூட்டியே வெளியிடப்பட்டு, மாநிலம் செய்யும் ஒப்பந்தங்களிலும் வேலைவாய்ப்பின் எண்ணிக்கையோடு உறுப்பு உற்பத்தியின் அளவும் எழுதப்படவேண்டும். 2021இல் சுங்கச் சட்டத்தின் 25ஆவது பிரிவில் செய்த திருத்தத்தினால், நிபந்தனையோடு தரும் தீர்வை விலக்கு பொதுவாக இரண்டாண்டு முடிந்து வரும் மார்ச் 31ஆம் தேதியோடு, வேறு விதமாகக் கூறப்படாவிடில், தானே காலாவதியாகிறது. சாதாரணச் சுங்கத் தீர்வைக்கு அத்தகைய கெடு எதுவும் சட்டத்தில் இல்லை. அதையும் விதிக்கும்படி தமிழ்நாட்டின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த நிதி மசோதாவின்போது வற்புறுத்தவேண்டும்.